தும்பறை மலைமுனையின் நிலமும் காற்றும்

முனை என்னுஞ் சொல்லைக் கேட்டதும் கடலே நினைவுக்கு வரும். வடக்கே பருத்தித்துறை முனையும், தெற்கே தெய்வேந்திர முனையும், கிழக்கே கோணேசர் கோயில் கொண்ட திருகோணமலைக் குன்றும் கடலை எதிர்நோக்கி நிற்பவை. நிலம் நீண்டு சென்று வெளியிடத்தில் நிற்பதனாற் காற்றின் முதலடியை முனைகளே ஏற்கின்றன. அவற்றிற்கு அப்பாலுள்ள ஊர்கள் பெறும் வெயிலும் மழையும் பெரும்பாலும் அவற்றைக் கடந்து வருவனவே. இவ்விலக்கணத்தைக் கொண்டு நோக்குமிடத்துக் கடலை விட்டு வெகுதூரம் உள்ளே, கண்டி மாநகரின் வடகிழக்கே, முனை என்று எவரும் பெயரிடாத ஒரு முனை இருத்தல் புலப்படும். அது தும்பறை மலைத்தொகுதியாகும்.

ஆங்கிலேயர் இதற்கு நக்கிள்ஸ் என்று பெயரிட்டனர். மடக்கிய கையின் விரன்மொழிகள் வரிசையாகத் தோன்றுவது போலச் சிகரங்கள் சில தொலைவிலே காணப்பட்டமையே அப்பெயருக்குக் காரணம். சிங்கள மக்கள் வழங்கும் தும்பறை என்னும் பெயரோ, புகைபோன்ற மூடுபனி சூழ்ந்த மலைகள் என்னும் பொருளதாகக் கூறப்படுகின்றது. இரண்டினுள் பின்னதே பொருத்தமுடையது எனலாம். விரன்மொழிகளைக் காண்பதற்கு வானம் வெளித்த நாள் வேண்டும். புகையைக் காண்பதற்கு அத்தகைய காத்திருப்பு வேண்டியதில்லை.

இம்மலைத்தொகுதியின் கிடக்கையை முதலில் அறிந்து கொள்ளுதல் நன்று. பேராதனையைச் சுற்றிக் கண்டியின் புறத்தே ஓடும் மகாவலி கங்கை, பின்னர்க் கிழக்கு நோக்கித் திரும்பித் தும்பறைப் பள்ளத்தாக்கின் வழியே செல்கின்றது. மினிப்பேயை அடைந்ததும் மீண்டும் வளைந்து வடக்கே போகின்றது. ஆகவே தெற்கிலும் கிழக்கிலும் இம்மலைகளை மகாவலியே வளைத்து நிற்கின்றது. மேற்கே மாத்தளைப் பள்ளத்தாக்கு. வடக்கே எலகரைப் பக்கத்து உலர்ந்த சமவெளி. மத்திய மலைநாட்டின் பெருந்திணிவோடு ஒரு காலத்தில் ஒட்டியிருந்த உயர்நிலத்தை ஆறு அரிந்து பிரித்துவிட்டது போன்ற தோற்றம் இது. தாழ்நிலத்தைக் கடலாகக் கொண்டால், அதனுள் நீண்டு நிற்கும் முனையாக இதனைக் கொள்வதில் இழுக்கில்லை.

கண்டி நகரம் கடன்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. தும்பறையின் அதியுயர் சிகரமாகிய கொம்பனிய ஏறத்தாழ 1,900 மீற்றர் உயர்ந்தது. நக்கிள்ஸ் எனப்படும் சிகரம் அதனினுஞ் சிறிது தாழ்ந்தது. 900 மீற்றருக்கு மேற்பட்ட சிகரங்கள் 30க்கும் அதிகம். இலங்கையின் உயர்நிலப் பகுதியெங்கும் காணப்படுவது போலவே இங்கும் பாறைகள் மிகப் பழையவை. கேம்பிரியன் காலத்துக்கு முற்பட்ட உருமாறிய பாறைகள். வன்மையுடைய படிகக்கற் பாறைகள் தேய்வுக்கு எதிர்த்து நின்று முகடுகளாயின. சுண்ணாம்புப் பளிங்கு முதலிய மென்பாறைகள் கரைந்தும் அரிக்கப்பட்டும் பள்ளங்களாயின. மடிப்புற்ற இப்பாறைகளின் போக்கை ஒட்டி முகடுகளும் பெரும்பாலும் வடமேற்குத் தென்கிழக்காக நீண்டு கிடக்கின்றன. இஃது ஒன்றே இம்மலையின் தலைவிதியைத் தீர்மானித்தது. ஏனெனில் இலங்கைக்கு மழை கொணரும் பெருங்காற்றுகள் இரண்டு. ஒன்று தென்மேற்கிலிருந்து வருவது. மற்றொன்று வடகிழக்கிலிருந்து வருவது. இரண்டுக்குமே குறுக்கே, ஏறக்குறையச் செங்கோணத்தில், இச்சுவர் எழுந்து நிற்கின்றது.

தமிழ் மக்கள் காற்றுகளைப் பெயரிட்டு அறிந்தவர்கள். யாழ்ப்பாணத்தார் தென்மேற்கிலிருந்து வருவதைச் சோளகம் என்பர். மாரிக்காலத்து வடக்கும் வடகிழக்குமாக வருவதை வாடை என்பர். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மட்டக்களப்பு மக்கள் வைகாசி தொடங்கி ஆவணி வரையில் மேற்கேயிருந்து வந்து பயிரையும் உடலையும் உலர்த்தும் வெங்காற்றைக் கச்சான் என்று கூறுவர். இவற்றுட் சோளகமும் கச்சானும் பிறப்பால் வேறானவை அல்ல. மேல்நாட்டுக் கடலிலிருந்து ஈரஞ் சுமந்து வரும் ஒரே காற்றுத்தான், மலையைக் கடக்கும் முன் ஒரு குணமும் கடந்தபின் வேறொரு குணமும் உடையதாகின்றது. குணமாற்றம் நிகழும் இடங்களுள் தும்பறை முதன்மையான ஒன்று.

அம்மாற்றம் நிகழும் முறை வருமாறு: மேலெழுங் காற்று விரிவடைகின்றது, விரிவதனாற் குளிர்கின்றது. நீராவி ஒடுங்காத நிலையில் ஒவ்வோர் 1,000 மீற்றருக்கும் ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் குளிர்ச்சி உண்டாகும். முகில் தோன்றத் தொடங்கியபின் நீராவி நீராக மாறும்போது மறைவெப்பம் வெளிப்படுதலால், குளிர்ச்சியின் வேகம் 5, 6 பாகை அளவாகக் குறையும். 500 மீற்றர் உயரத்தில் 25 பாகை வெப்பமுள்ள காற்று, 300 மீற்றர் ஏறியதும் முகிலாகி, மேலும் 1,000 மீற்றர் ஏறி முகட்டை அடைவதாகக் கொள்வோம். முதற் பகுதியில் 3 பாகையும் இரண்டாம் பகுதியில் 5.5 பாகையும் இழந்து, 16.5 பாகையோடு அது முகட்டில் நிற்கும். ஈரத்தின் பெரும்பகுதியை மேற்குச் சரிவில் மழையாகப் பொழிந்துவிட்டமையால், மறுபக்கத்தில் இறங்கும்போது அதற்கு 10 பாகைக் கணக்கே பொருந்தும். 100 மீற்றர் உயரமுள்ள கிழக்குச் சமவெளியை அடையும்பொழுது அதன் வெப்பம் 33.5 பாகை. புறப்பட்ட 500 மீற்றர் மட்டத்துக்கு வந்தபோதே அது 29.5 பாகையாகிவிட்டது. மலையேறி இறங்கிய குற்றத்துக்காகவே காற்று நாலரைப் பாகை சூடேறியது. இதுவே கச்சானின் பிறப்பு.

வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மார்கழி, தை மாதங்களில் நாடகம் தலைகீழாக நடைபெறும். அப்பொழுது கிழக்குச் சரிவே காற்றுப்பக்கம். வங்கக் கடலின் ஈரம் அங்குப் பொழியும். பருவமாற்றக் காலங்களாகிய பங்குனி, சித்திரையிலும், ஐப்பசி, கார்த்திகையிலும் பிற்பகலில் இடியுடன் மழை பெய்யும். ஆகவே மலையின் உச்சி எந்தப் பருவத்திலும் முற்றாக உலர்வதில்லை. மேற்குச் சரிவின் உயர்ந்த பகுதிகளில் ஆண்டு மழைவீழ்ச்சி 5,000 மில்லிமீற்றர் வரை செல்லும். அங்கிருந்து பார்வைக்கெட்டும் தூரத்திலுள்ள கிழக்கு அடிவாரமோ 2,000 மில்லிமீற்றர் அளவினையே காணும். இரு பருவங்களிலும் மலைகளின் மறைவில் அகப்பட்டுள்ள தும்பறைப் பள்ளத்தாக்கு, ஈரமான இரு உயர்நிலங்களுக்கு இடையில் இருந்தும் உலர்ந்து காணப்படுவதன் காரணமும் இதுவே. கண்டி நகரமே 2,000 மில்லிமீற்றருக்குச் சிறிது குறைந்த மழையைத்தான் பெறுகின்றது என்பது, அந்நகரை எந்நேரமும் நனைந்த நகரமாக எண்ணும் வடபகுதி மாணவர்க்கு வியப்பாயிருக்கும்.

இவ்வேறுபாட்டை நூலிற் படிப்பதிலும் நேரிற் காண்பது எளிது. மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன் கணவாய்க்குச் செல்லும் பாதையில் முதலிற் சாதிக்காய், கறுவா, மிளகு முதலியன செழிக்கும் தோட்டங்கள் வரும், பின்பு தேயிலை, அதன் பின்பு மழைக்காடு. கணவாயின் வாயிலிலே காற்று மனிதரைத் தள்ளும். தென்மேற்குப் பருவத்தில் அங்கு நிமிர்ந்து நிற்றலே அரிது. அதனைக் கடந்து இல்லுக்கும்புரைப் பக்கம் இறங்கத் தொடங்கியதும், சில மைல் தூரத்துக்குள், பிட்டவல பத்தனை என்னும் புல்வெளி விரிகின்றது. மெல்லிய மண்படை, அதன் கீழ்க் கற்பாறை, மேலே காற்று. மரம் வேரூன்ற இடமில்லை. மேற்கே பெருமழை பெய்துகொண்டிருக்கும் அதே வேளையில் இங்கு வெயில் எரிக்கக் காணலாம்.

ஆயினும் தும்பறையின் அருமையான காட்சி புல்வெளியன்று; குறுங்காடு ஆகும். காற்று இடைவிடாது மோதும் முகடுகளின் மேல், ஒரு மீற்றர் உயரத்தைக்கூட எட்டாத மரங்கள் நெருங்கி நிற்கின்றன. இவை செடிகள் அல்ல, முதிர்ந்த மரங்கள். தண்டு முறுகி, கிளைகள் காற்று வீசுந் திசைக்கு எதிர்ப்புறமாகச் சாய்ந்து, தலைகள் யாவும் கத்தரித்த வேலிபோல ஒரே மட்டமாகக் காணப்படும். பாசியும் மரக்கன்னிகளும் அவற்றின் மேற் படர்ந்திருக்கும். இக்காட்சியைப் படத்திற் காணும் ஒருவர், வடமுனைவை அடுத்த கடற்கரை ஒன்றின் காட்சி எனக் கருதினால் அவரைக் குறைகூற முடியாது.

மலையேறுதல் முனைவை நோக்கிப் பயணஞ் செய்தலை ஒக்கும் என்ற கருத்தைப் புவியியலிற் பரப்பியவர் அலெக்சாண்டர் வொன் ஹம்போல்ட் என்னும் ஜெர்மானிய அறிஞர். 1802இல் அவர் தென்னமெரிக்காவின் சிம்பொராசோ மலையில் ஏறி, அடிவாரத்தின் வெப்பநாட்டுத் தாவரம் படிப்படியாக மாறி உச்சியில் உறைபனியில் முடிவதைக் கண்டார். அக்கருத்தைத் தும்பறைக்குப் பொருத்திப் பார்த்தல் பயனுடையது; ஏனெனில் அது எங்கே பொருந்தாமற் போகின்றதோ, அங்கேதான் இம்மலையின் உண்மைத் தன்மை வெளிப்படுகின்றது.

நோர்வே நாட்டின் வடமுனையை ஒப்புக்கு எடுத்துக்கொள்வோம். அது வடவகலக்கோடு 71 பாகை 10 கலையில், 307 மீற்றர் உயரமான செங்குத்துப் பாறையாகக் கடலைப் பார்த்து நிற்கின்றது. அதன் மேற்றளம் மரமற்ற வெளி. வைகாசி நடுப்பகுதியிலிருந்து ஆடி இறுதி நெருங்கும் வரை அங்குச் சூரியன் மறைவதில்லை; மாரியில் இரண்டு மாதமளவு எழுவதுமில்லை. பொதுவாக, ஆண்டின் மிக வெப்பமான மாதத்தின் சராசரி 10 பாகை செல்சியஸ் அளவை எட்டாத இடங்களில் மரம் நிமிர்ந்து வளர்வதில்லை என்பது புவியியலார் கண்ட விதி. ஆட்டிக்குக் கரைகளில் வில்லோ மரத்தின் இனங்கள் சில, விரலளவு உயரத்தில் நிலத்தோடு படிந்து வாழ்வது இவ்விதியினாலேயே. அங்கு மரத்தைக் குறுக்குவது குளிர்.

தும்பறை முகட்டின் சராசரி வெப்பம் 16 பாகை அளவினது. அன்றியும், கண்டியின் அகலக்கோட்டில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவு. வெப்பமான மாதத்துக்கும் குளிர்ந்த மாதத்துக்கும் இடையே சில பாகை வேறுபாடே உண்டு. அதனிலும் ஒரே நாளின் பகலுக்கும் இரவுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. எனவே குளிரின் பொருட்டு இங்கு மரம் குறுகவேண்டிய அவசியமில்லை. இதற்குச் சான்று அம்மலையிலேயே உண்டு. குறுங்காடு நிற்கும் முகட்டிலிருந்து சற்றே இறங்கி, காற்று எட்டாத மடுவொன்றை அடைந்தால், அங்கு மரங்கள் நெடிதோங்கி நிற்கும். வெப்பநிலை ஏறத்தாழ ஒன்றே; மழையும் ஒன்றே. வேறுபட்டவை காற்றும் மண்ணின் ஆழமும் மட்டுமே. முகட்டிலே மழை கழுவிச் சென்ற மெலிந்த மண். ஓயாது வீசி இலைகளையும் தளிர்களையும் முறிக்கும் காற்று. சூரிய ஒளியை மறைக்கும் மூடுபனி. வடமுனையிற் குளிர் செய்யும் வேலையைத் தும்பறையில் இம்மூன்றுஞ் சேர்ந்து செய்கின்றன. தோற்றம் ஒன்றாயினும் காரணம் வேறு என்னும் இவ்வுண்மை, புவியியல் பயிலும் மாணவர் பலகாற் சிந்திக்கத் தக்கது.

தனித்து நிற்கும் முனைகளில் தனித்த உயிர்கள் தோன்றுவதும் இயல்பே. இலைவடிவான மூக்கினையுடைய ஒருவகை ஓணான் இம்மலைகளிலன்றி உலகில் வேறெங்கும் இல்லை. இலங்கையின் வரலாற்றை எழுதிய சேர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற் என்பாரின் பெயர் அதன் விலங்கியற் பெயரில் இடம்பெற்றுள்ளது. பாறைகளின் ஈரக்கசிவில் வாழும் ஒரு தவளை, 2006இல் முதன்முதல் விபரிக்கப்பட்ட ஒரு குள்ள ஓணான், முகட்டுக் காடுகளுக்கே உரிய ஒரு மரவினம் எனப் பட்டியல் நீளும். தாழ்நிலத்தின் வெப்பம் இவ்வுயிர்களுக்குக் கடலைப் போன்றது. அதனைக் கடந்து வேறு மலைக்குச் செல்ல அவற்றால் முடியாது. 2010இல் சிவனொளிபாத மலைக்காடு, ஹோட்டன் சமவெளி ஆகியவற்றோடு சேர்த்துத் தும்பறையும் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றமைக்கு இத்தகைய உயிர்வளமே ஏதுவாயிற்று.

இனி, இம்மலையினால் மக்களுக்கு உண்டாகும் பயனை நோக்குதல் வேண்டும். முகட்டுக் காடு மழையை ஏற்பதோடு அமைவதில்லை, முகிலையுங் கறக்கின்றது. மழை பெய்யாத வேளையிலும் மூடுபனியின் நுண்துளிகள் இலையிலும் பாசியிலும் படிந்து சொட்டுகின்றன. மழைமானியிற் பெரும்பாலும் பதிவாகாத இந்நீர் ஊற்றுகளாகித் தாழ்நிலத்தை அடைகின்றது. மேற்கிலும் வடக்கிலும் இம்மலை தரும் நீர் அம்பன் கங்கையிற் சேரும். களுகங்கையும் அதனோடு கலப்பதே. அம்பன் கங்கையின் நீரை எலகரைக் கால்வாயின் வழியே திருப்பி மின்னேரிக் குளத்தை நிரப்பினர் பண்டைய மன்னர். பராக்கிரம சமுத்திரத்துக்கும் அதே ஆறு நீரூட்டியது. தெற்கிலும் கிழக்கிலும் இறங்கும் நீர் மகாவலியை அடைகின்றது. 1985இல் திறக்கப்பட்ட 122 மீற்றர் உயரமான விக்டோரியா அணையும், 2018இல் திறக்கப்பட்ட மொரகஹகந்த நீர்த்தேக்கமும் பழைய அவ்வேற்பாட்டின் புதிய வடிவங்களே. பொலன்னறுவையில் விளையும் நெல்லின் ஒரு பகுதி, அந்நெல்லை உண்பவர் பலர் பெயரறியாத இம்முகட்டின் மூடுபனியில் உற்பத்தியாகின்றது என்றால் மிகையன்று.

ஆயின் மனிதர் இம்மலையை நடத்திய விதம் அதற்கேற்றதாய் அமையவில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் கோப்பிப் பயிர் கண்டியைச் சூழ்ந்த மலைகளிற் பரவியபோது தும்பறையின் சரிவுகளும் கோடரிக்கு இரையாயின. தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, உலர்ந்த காடுகளின் ஊடே கால்நடையாக மாத்தளையை அடைந்த தமிழ்த் தொழிலாளர், வழியிற் பசியாலும் நோயாலும் பெருந்தொகையாக மடிந்தனர். எஞ்சியோர் கண்ட முதற் பெருமலைகளுள் இது ஒன்று. 1869இல் இலங்கையிற் காணப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்தது. தேயிலை அதன் இடத்தைப் பெற்றது. காடழித்தலின் விளைவை உணர்ந்த அரசினர் 1873இல் 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளைக் காலநிலைக் காப்புக்காடாக ஒதுக்கினர். அக்காலத்து ஆட்சியாளர் செய்தவற்றுள் முன்யோசனை மிக்கது இதுவெனத் தயங்காது கூறலாம்.

ஒதுக்கப்பட்ட காட்டினுள்ளும் ஏலம் புகுந்தது. ஏலச்செடிக்கு நிழல் வேண்டுமாதலால் பெருமரங்களை விட்டுவைத்து, கீழுள்ள செடிகொடிகளையும் கன்றுகளையும் மட்டும் வெட்டி நீக்கினர்; காயை உலர்த்தும் சூளைகளுக்கும் காட்டு விறகே பயன்பட்டது. தொலைவிலிருந்து பார்ப்பவர்க்குக் காடு குறைவற்றதாகவே தோன்றும். உள்ளே சென்றால், முதியோர் மட்டும் வாழும் ஊரைப்போல, கன்றில்லாத காடாக அது இருக்கும். பெருமரம் விழும்போது அதனிடத்தை ஏற்க இளமரம் இல்லை. 2000ஆம் ஆண்டில் இப்பகுதி பேணற் காடாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. காட்டுக்கு அது நன்மை. தலைமுறையாக ஏலத்தை நம்பியிருந்த மலைக்கிராமத்து ஏழைகளுக்கோ அது வருவாயிழப்பு. இவ்விரண்டையும் ஒருங்கே கருதாத எந்தத் திட்டமும் மலையடிவாரத்தில் நெடுநாள் நிலைக்காது.

சரிவுகளின் கதை இதனினுங் கடுமையானது. மலைச்சரிவில் பாறையின் மேற் கிடப்பது, காலந்தோறும் சிதைந்து உண்டான தளர்ந்த மண். பெருமழையில் அதன் துளைகளெல்லாம் நீரால் நிரம்பும்போது மண் தன் பாரத்தைத் தானே தாங்கமாட்டாது வழுகும். ஆழ வேரூன்றிய மரங்கள் அதனைப் பிணித்து வைப்பன. தேயிலையின் வேருக்கு அத்துணை வலிமையில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கியபோது கண்டி, மாத்தளை மாவட்டங்களிற் பல சரிவுகள் இடிந்து இறங்கிப் பேரளவில் உயிர்களைக் கொண்டன. கீழைக் கடலிலிருந்து உள்ளே வந்த புயலுக்கு முதல் எதிர்நின்ற உயர்நிலங்களுள் தும்பறையும் ஒன்று. முனையின் இலக்கணம் அன்று கொடிய முறையில் மெய்ப்பிக்கப்பட்டது. தோட்ட லயன்கள் பலவற்றிற்கு இடம் தெரிந்தவர்கள் 19ஆம் நூற்றாண்டுத் துரைமார். தேயிலைக்குத் தகுந்த நிலத்தைப் பயிருக்கு விட்டு, எஞ்சிய செங்குத்தான ஓரங்களையும் ஓடைக்கரைகளையும் தொழிலாளரின் குடியிருப்புக்குக் கொடுத்தனர். அந்த இடத்தெரிவின் விலையை அவர்களின் ஐந்தாம் ஆறாந் தலைமுறையினர் கொடுத்து வருகின்றனர்.

காற்று தன் பாதையை மாற்றுவதில்லை. வைகாசி பிறந்ததும் ரிவர்ஸ்டன் கணவாயில் அது மீண்டும் ஓலமிடும்; கொம்பனியவின் மேற்குப்புறம் முகிலுக்குள் மறையும்; மறுபுறத்தில், மகியங்கனைச் சமவெளியின் உழவர் வெங்காற்றுக்கு முகத்தை மறைத்துக்கொண்டு வாய்க்காலில் நீர் வருகின்றதா என்று பார்ப்பர்.